கண்மாய் மீனும் கழிவுநீரும்: உண்ணத் தகுமா என்னும் கேள்வி

அழுக்கு கலந்த நீரில் பிடித்த மீனை உண்ணலாமா என்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கேள்வி. உள்ளே இரண்டு இருக்கின்றன. அந்த மீன் உடம்புக்குக் கெடுதல் செய்யுமா என்பது ஒன்று. அதை உண்பதும் அடுத்தவருக்குப் பரிமாறுவதும் முறையா என்பது மற்றொன்று. முதலாவது ஆய்வுக்கூடத்தின் வேலை. இரண்டாவதைச் சமயங்களும் தத்துவமும் காலங்காலமாகப் பேசிவருகின்றன. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால், சாமி காக்கும் கண்மாய் என்பதாலேயே மீன் நல்லது என்றும், சாக்கடை சேர்ந்தது என்பதாலேயே நஞ்சு என்றும் முடிவுகட்டத் தோன்றும். இரண்டு முடிவுமே பிழையாகப் போகலாம். ஆகவே நீரில் என்ன கலந்திருக்கிறது, அது மீனுக்குள் எங்கே தங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு தகுதி பற்றிய கேள்விக்கு வருவதே முறை.

கரிசல் நாட்டில் மீன்

விருதுநகருக்குக் கிழக்கே மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று விரியும் வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் கண்மாய் பெருகும். சித்திரை, வைகாசியில் தரை வெடித்துக் கிடக்கும். இடைப்பட்ட சில மாதங்களே மீனுக்கு வாழ்நாள். நீர் நின்றதும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, அயிரை ஆகியவை வரத்துக்கால் வழியே தாமாக வந்து சேர்கின்றன. ஜிலேபிக் கெண்டை எங்கும் பரவிவிட்டது.

நீர் வற்றும் தறுவாயில் மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியுமுன்பே சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கரையில் கூடிவிடுவார்கள். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதும் ஊத்தா, கச்சா, வலை, பழைய சேலை என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேற்றில் இறங்குவார்கள். அன்று பிடித்த மீனை விற்கும் வழக்கம் பொதுவாக இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்து, வராத உறவுக்கும் பங்கு அனுப்புவார்கள். ஊரே கூடி மீன் பிடித்தால் அடுத்த மழை பொய்க்காது என்பது நம்பிக்கை.

கண்மாயும் வெறும் நீர்நிலையாக மட்டும் இருந்ததில்லை. கரையில் அய்யனார், மடையில் கருப்பசாமி என்று காவல் தெய்வங்களின் இடம் அது. கோயில் தெப்பக்குளத்து மீனைப் பிடிக்காமல் பொரி போட்டு வளர்ப்பதும், கண்மாய் மீனைச் சாமி கும்பிட்டபின் பிடித்துப் பங்கிடுவதும் ஒரே மண்ணின் வழக்கங்கள். பாண்டியர் கொடியில் ஏறிய மீன்தான் அவர்கள் நாட்டுச் சட்டியிலும் கொதித்தது. இந்த நாட்டில் மீன் ஒரே சமயத்தில் பொதுச்சொத்து, விருந்து, மழை வேண்டுதல். நீர் கெடும்போது இந்த மூன்றுமே கெடுகின்றன.

அந்தக் கேடு இங்கே நகரங்களின் வழியாக வருகிறது. விருதுநகர் ஊருக்குள் ஓடும் கௌசிகா நதி மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் சாக்கடை நீரைத்தான் சுமக்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய குல்லூர்சந்தை அணையில் அந்நீர் தேங்குவதும், ஆகாயத்தாமரை மூடுவதும் சுற்றுவட்டார விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறும் திருமங்கலம் போன்ற ஊர்களைக் கடந்துதான் வருகிறது. பாசனத்துக்கென்று கட்டிய நீர்த்தேக்கம் கழிவுத்தொட்டியாக மாறுவதற்குத் தமிழ்நாட்டில் பெரிய முன்னுதாரணம் நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் முடிந்த அந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவைத் தேக்கும் இடமாகிப் பாசனத்துக்கு உதவாமல் போயிற்று.

அழுக்கு ஒரே வகை இல்லை

நீரை மாசுபடுத்துபவற்றை எல்லாம் ஒரே பெயரால் அழைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. உண்பவரின் நோக்கில் அவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மனிதக் கழிவும் சமையலறைக் கழிவும் கொண்டுவரும் கிருமிகள். இவை பெரும்பாலும் மீனின் குடலிலும் செவுளிலும் மேல்தோலிலும் தங்குகின்றன. நலமான மீனின் சதைக்குள் அவ்வளவாக இறங்குவதில்லை. குடலைக் கிழிக்காமல் எடுத்து, நன்றாகக் கழுவி, கொதிக்கக் கொதிக்கச் சமைத்தால் கிருமி சாகும். பச்சை மீன் நறுக்கிய அரிவாள்மனையில் அப்படியே வெங்காயத்தையும் தக்காளியையும் அரிவதே இங்கே பெரிய ஆபத்து.

இந்த வகைக் கழிவு ஒன்றையே வைத்து மீனை ஒதுக்கிவிட முடியாது என்பதற்குச் சான்று கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த இடத்தில் மீனவர்கள் மாநகரின் கழிவுநீரை ஆழமில்லாத பண்ணைகளில் தேக்கி, வெயிலையும் பாசியையும் கொண்டு தெளியவைத்து, தலைமுறை தலைமுறையாக மீன் வளர்க்கிறார்கள். அழுக்கு பாசிக்கு உரமாகி, பாசி மீனுக்கு இரையாகிறது. துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் இந்த முறையை உலகறியச் செய்தார். 2002-ல் அந்த இடம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே கழிவுநீர் திட்டமிட்டு அளவாக விடப்படுகிறது, தெளிய நாள் கொடுக்கப்படுகிறது. கௌசிகாவில் நடப்பது அதுவன்று. இங்கே கழிவு தன் போக்கில் வந்து தன் போக்கில் தேங்குகிறது.

இரண்டாவது வகை, கன உலோகங்கள். ஈயமும் காட்மியமும் மீனின் ஈரல், சிறுநீரகம், செவுள், எலும்பு ஆகியவற்றில் அதிகம் சேர்கின்றன. பாதரசம் அப்படியில்லை. சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சதையிலேயே சென்று ஒட்டிக்கொள்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அதன் அளவு கூடிக்கொண்டே போகும். ஒரு கிலோ மீனில் அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை என்பதே பல நாடுகள் பாதரசத்துக்கு வைத்துள்ள எல்லை. ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மீனவர் குடும்பங்களைத் தாக்கியது. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. தமிழ்நாட்டில் கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே வந்ததை அடுத்து 2001-ல் மூடப்பட்டது. கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வு பதிவுசெய்தது.

மூன்றாவது வகை, பூச்சிக்கொல்லிகள். பழைய டி.டி.டி., 2011-ல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த எண்டோசல்ஃபான் போன்றவை எளிதில் சிதையாமல் மீனின் கொழுப்பில் தங்கும். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் ஓரளவு குறையும்.

நான்காவது வகை, நீர் தானே உண்டாக்கும் நஞ்சு. சாக்கடையில் வரும் பாஸ்பரஸ் பெருகினால் நீலப்பசும்பாசி பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் படரும். அதில் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழிவதில்லை.

வறண்ட நிலத்தின் கணக்கு

மழைநாட்டு ஏரிக்கும் கரிசல் கண்மாய்க்கும் பெரிய வேறுபாடு உண்டு. கண்மாய் ஆண்டுதோறும் வற்றுகிறது. இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைகின்றன.

நன்மை, மீனின் வயது. ஆறேழு மாதமே வளர்ந்த மீனில் பாதரசம் சேர நாள் போதாது. கட்லா, ரோகு, மிர்கால் போன்றவை மிதவைகளையும் பாசியையும் மட்கியதையும் தின்பவை. உணவுச் சங்கிலியின் கீழ்ப்படியில் இருப்பதால் இவற்றில் சேர்மானம் குறைவு. விரால் வேட்டை மீன். பல ஆண்டு நீர் வற்றாத இடத்தில் வளர்ந்த பெரிய விராலில் சேர்மானம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. மழைநீர் மட்டும் சேரும், மேலே ஊர்ச் சாக்கடையோ ஆலையோ இல்லாத கண்மாயில் ஒரு பருவம் வளர்ந்த மீனைப் பற்றி அஞ்ச அதிகக் காரணம் இல்லை.

தீமை, நீர் சுருங்குவது. கோடையில் நீர் ஆவியாகும். உப்பும் உலோகமும் ஆவியாவதில்லை. மீன் எளிதாகப் பிடிபடும் கடைசி வாரங்களில்தான் நீரும் மிகக் கெட்டிருக்கும். நகரச் சாக்கடை விடாமல் வந்து சேரும் நீர்த்தேக்கமோ கோடையிலும் முழுக்க வற்றுவதில்லை. ஆகவே அங்கே மீனுக்கு வயதும் கூடுகிறது, அழுக்கும் கூடுகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே நாளில் பிடித்த இரண்டு மீன்களுக்கு ஒரே விடை சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

சின்ன மீன் பற்றிய கணக்கு இன்னொரு பக்கம் சாய்கிறது. மதுரை வட்டாரம் கொண்டாடும் அயிரையைத் தலையும் முள்ளும் குடலுமாக முழுசாகத்தான் தின்பார்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமினும் அதனால்தான் நிறையக் கிடைக்கின்றன. பெரிய மீனின் பாதரசச் சுமை அதற்கு இல்லை. ஆனால் சேற்றில் இரை தேடும் அந்த மீனின் வயிற்றில் இருப்பதெல்லாம் உண்பவர் வயிற்றுக்கும் வந்துவிடுகிறது.

கண்ணும் மூக்கும் அறியாதவை

மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறார், விரலால் அழுத்துகிறார், முகர்கிறார். பிடித்து எத்தனை நேரமாயிற்று என்பதை இந்தச் சோதனைகள் நன்றாகவே சொல்லும். எந்த நீரில் வளர்ந்தது என்பதைச் சொல்லா. மினமாட்டாவின் மீனுக்குத் தோற்றத்திலோ சுவையிலோ குறை இருக்கவில்லை.

உயிரோடு துள்ளுவதும் சான்றாகாது. சாக்கடையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கின்றன. இரவெல்லாம் பாசியும் அதையே செலவழிக்கும். எனவே விடியற்காலையில்தான் மீன் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும், செத்தும் மிதக்கும். ஆனால் விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகியவை காற்றை நேராகச் சுவாசிக்க வல்லவை. கெண்டை சாகும் நீரில் கெளுத்தி கொழுக்கும். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சிலர் கழிவுக்குட்டையில் வளர்க்கத் துணிவதும் இதனால்தான். நீர் நன்றாக இருக்கிறது என்பதற்கு மீன் பிழைத்திருப்பது சான்றில்லை. அந்த இனத்தின் உறுதிக்கே அது சான்று.

அரசு வைத்திருக்கும் அளவுகோலையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்கு உகந்த நீரை ‘டி’ வகுப்பு என்று வகுத்துள்ளது. கார அமிலத்தன்மை 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. மீன் வாழுமா என்பதை இந்த எண்கள் சொல்லும். மீனைத் தின்பவர் நலத்துக்கு அதன் சதையைத் தனியே சோதிக்க வேண்டும்.

சமையற்கட்டின் கைப்பக்குவம் எவ்வளவு தூரம் உதவும் என்பதும் இங்கே தெளிவாகிறது. விராலைச் சாம்பல் தொட்டு உரசுவார்கள். கல் உப்பும் மஞ்சளும் போட்டு ஏழெட்டுத் தண்ணீரில் அலசுவார்கள். குழம்புக்குப் புளியைக் கெட்டியாகக் கரைப்பார்கள். சேற்று மீனின் மண்வாடைக்குக் காரணம் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். புளியின் அமிலத்தில் அது சிதைகிறது. ஆகவே வாடை உண்மையாகவே போய்விடுகிறது. வாடையோடு நஞ்சும் முறிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் தவறு. புளிக்கும் தீக்கும் பாதரசம் அசையாது. சரியாகச் சமைத்த மீன் குழம்பு கிருமியிலிருந்து காக்கும், உலோகத்திலிருந்து காக்காது.

சமய மரபுகள் வகுத்த வழிகள்

மீனை உண்ணலாமா என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தின் மிகப் பழைய விடை சமணருடையது. காரியாபட்டிப் பக்கத்துக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி, முற்காலப் பாண்டியர் காலத்தில் பெயர்பெற்ற சமணப் பள்ளி; மதுரைச் சமணர் மலைக் கல்வெட்டுகளில் அதன் துறவியர் பெயர்கள் காணப்படுகின்றன. நீரையே வடிகட்டிக் குடிக்கச் சொன்ன அந்த மரபுக்கு எந்த நீரின் மீனும் விலக்கு. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் உண்பவரின் அருளையே அளவாக வைக்கிறது. இந்த நோக்கில் மீனின் தூய்மை பற்றிய கேள்வியே எழுவதில்லை. உயிர் பற்றிய கேள்வியில் வழக்கு முடிந்துவிடுகிறது. ஆயினும் நீரை அழுக்காக்குபவருக்கும் அதே அளவுகோல் பொருந்தும். ஒரு வலைக்கு அகப்படுவதைவிடப் பல மடங்கு உயிர்களை ஒரு சாக்கடை ஒரே இரவில் கொல்கிறது. மீன் தின்னாதவரின் வீட்டுக் கழிவும் அந்தச் சாக்கடையில் உண்டு.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமண மகரிஷி, ‘நான் யார்?’ என்ற சிறு நூலில், நியமங்களில் சிறந்தது அளவான சாத்துவிக உணவு என்கிறார். எது சாத்துவிகம் என்பதற்குப் பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் தரும் இலக்கணத்தில் ஆயுள், பலம், ஆரோக்கியம் ஆகியவற்றை வளர்ப்பது என்பது அடங்கும். அதாவது, உணவின் பெயரோடு அது உண்பவருக்குள் என்ன செய்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. அந்த அளவுகோலை வைத்தால், சாயநீர் பாய்ந்த கீரையும் கழிவுநீர் மீனும் ஒரே வரிசையில் நிற்கும். மரக்கறி என்பதால் மட்டும் நஞ்சு சாத்துவிகம் ஆகிவிடாது.

இன்னும் நுட்பமான பகுப்பு இராமானுசர் மரபில் கிடைக்கிறது. உணவுத் தூய்மை உள்ளத் தூய்மை தரும் என்ற சாந்தோக்கிய உபநிடதக் கருத்தை விளக்கும் அந்த மரபு, உணவுக்கு மூன்று குற்றங்கள் நேரலாம் என்கிறது. பொருளின் இயல்பிலேயே உள்ள ஜாதி தோஷம். தருபவரை ஒட்டி வரும் ஆச்ரய தோஷம். தூசி, மயிர் போன்ற வெளிப்பொருள் கலப்பதால் வரும் நிமித்த தோஷம். சங்கரரோ அந்த இடத்தில் ஆகாரம் என்பதை ஐம்புலன்களும் உள்ளே கொள்ளும் எல்லாவற்றுக்குமாக விரித்தார். கழிவுநீர் மீனின் குறை சந்தேகமில்லாமல் மூன்றாவது வகையைச் சேர்ந்தது. நடைமுறையில் மக்கள் முதலாவதையும் மூன்றாவதையும் கைவிட்டு, இரண்டாவதான ஆச்ரய தோஷத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்பது விவேகானந்தரின் குற்றச்சாட்டு.

இஸ்லாமியச் சட்ட மரபு இந்தக் கேள்விக்கு மிக நெருங்கி வருகிறது. மீன் அறுக்காமலே ஆகுமானது. ஆனால் தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனஃபி மரபு விலக்குகிறது. ஷாஃபி மரபு அனுமதிக்கிறது. ஆக்சிஜன் அற்றோ நஞ்சு பட்டோ செத்த மீனைத் தொடாதே என்று இன்றைய உணவுப் பாதுகாப்பு சொல்வது ஹனஃபி மரபின் விலக்கையே ஒத்திருக்கிறது. அசுத்தத்தைத் தின்று வளர்ந்த கால்நடைக்கு ஜல்லாலா என்று பெயர். அதை உடனே உண்ணக் கூடாது; அடைத்துவைத்துச் சுத்தமான தீனி கொடுத்த பிறகு உண்ணலாம். கோழிக்கு மூன்று நாள், ஒட்டகத்துக்கு நாற்பது நாள் என்று அறிஞர்கள் கெடு சொல்வர். மதுரைப் பக்கத்துச் சமையற்காரர்கள் உயிர் அயிரையைப் பாலிலோ மோரிலோ விட்டு மண்ணைக் கக்கவைப்பதும், மீன் பண்ணைகளில் பிடித்த மீனை நல்ல நீரில் சில நாள் பட்டினி போடுவதும் இதே தருக்கத்தைச் சேர்ந்தவை. குடலில் இருப்பதும் வாடையும் இந்தக் காத்திருப்பில் நீங்கும். மெத்தில் பாதரசம் நீங்காது. மனித உடலில் அதன் அளவு பாதியாகவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். மீனில் அதைவிட நெடுங்காலம் தங்கும். பழைய விதியின் கொள்கை இன்றும் சரி. நாட்கணக்குதான் புதிய நஞ்சுக்குப் போதாது.

கிறித்தவத்தில் மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம், வாய்க்குள் போவது மனிதரைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து வருவதே தீட்டுப்படுத்தும் என்ற கருத்தை வைக்கிறது. நஞ்சு வயிற்றைத் தொடாது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. குற்றம் எங்கே பிறக்கிறது என்பதே அங்கே பேச்சு. அந்த வழியில்தான் 1997-ல் கீழை மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு, நீரையும் நிலத்தையும் காற்றையும் மாசுபடுத்துவது பாவம் என்று அறிவித்தார். 2015-ல் வந்த போப் பிரான்சிஸின் ‘லௌதாதோ சி’ மடலும் அந்தக் கூற்றை எடுத்துக்கொண்டது. பாவம் உண்பவர் பக்கத்திலிருந்து கழிவை விட்டவர் பக்கத்துக்கு மாறுகிறது.

தீட்டும் நஞ்சும்

இந்த மரபுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு பிரிவினை தெரிகிறது. தீட்டு சடங்கால் வருகிறது, சடங்கால் போகிறது. நஞ்சு அளவால் வருகிறது, அளவு குறைந்தால்தான் போகிறது. ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது. புனிதம் என்று பெயர்பெற்ற நீரும் ஆய்வுக்கூடத்தில் தோற்கலாம். யாரும் கும்பிடாத பள்ளத்து நீரும் தேறலாம்.

இந்தியச் சமூகம் இந்த இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தியதற்குக் கடுமையான சான்று மகாத் குளம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தலித்துகளும் மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில் சவுதார் குளத்து நீரைக் குடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டது என்று சொன்ன சாதி இந்துக்கள், 108 குடம் நீரை இறைத்து, பால், தயிர், சாணம், கோமியம் கலந்த குடங்களை மந்திரம் சொல்லிக் குளத்தில் ஊற்றி ‘சுத்தி’ செய்தார்கள். மனிதக் கை பட்டதால் குளத்துக்கு எந்தக் கேடும் நேரவில்லை. சுத்தி செய்ததாகச் சொல்லி ஊற்றியதே நீரில் கலந்த அழுக்கு. தமிழ்நாட்டு ஊருணிகளிலும் கிணறுகளிலும் யார் நீர் எடுக்கலாம் என்பதில் இருந்த கண்டிப்பு, அந்த நீரில் எது கலக்கலாம் என்பதில் இருந்ததில்லை. ஆச்ரய தோஷத்தைத் தேடித் தேடிப் பார்த்த கண், நிமித்த தோஷத்தைப் பார்க்கப் பழகவே இல்லை.

கண்மாய்க் காவல் தெய்வங்கள் பற்றிய நம்பிக்கையையும் இந்த இடத்தில் எடைபோடலாம். அய்யனார் காக்கிறார் என்பது ஊர் கரையைக் காத்ததற்கும், வரத்துக்காலை வெட்டியதற்கும், மடையை முறைவைத்துத் திறந்ததற்கும் பின்புலமாக நின்றது. குடிமராமத்தோடு சேர்ந்த அந்த நம்பிக்கை நீருக்கு நன்மையே செய்தது. வேலை நின்று கும்பிடு மட்டும் மிஞ்சும்போது நம்பிக்கை நீரைக் காப்பதில்லை. கெட்ட நீரின் மீனைக் கேள்வியில்லாமல் உண்ணவைக்கும் துணிச்சலாக மாறிவிடுகிறது.

யார் நிரூபிக்க வேண்டும்

தெரியாத ஆபத்தை எப்படிக் கையாள்வது என்பது தத்துவத்தில் தனிக் கேள்வி. ஐயத்துக்கு உரியதை விட்டு ஐயமற்றதைக் கொள் என்பது நபிமொழி மரபில் புகழ்பெற்ற அறிவுரை. பௌத்த வினய மரபும், துறவி தமக்காகக் கொல்லப்பட்டதென்று கண்ட, கேட்ட, ஐயுற்ற ஊனை ஏற்கலாகாது என்கிறது. ஐயமே அங்கே போதிய காரணம். இன்றைய சட்டத்தில் இதற்கு இணையானது முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்தது பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தக் கோட்பாடும் மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் சுமை செய்பவருடையது என்றும் சொன்னது.

கரிசல் ஊரில் இந்தச் சுமை தலைகீழாக நிற்கிறது. கழிவை விட்ட நகரம் எதையும் நிரூபிப்பதில்லை; கண்மாய்க்கரைக் கூலிக் குடும்பம் தன் சட்டிக்குள் இருப்பது நல்லதா என்று தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஐயமுள்ளதை விடு என்பது மாற்று உணவு உள்ளவருக்கு எளிது. கறியும் கடல் மீனும் விலை ஏறிய நாளில், கண்மாய் மீன் ஏழை வீட்டின் மலிவான புரதம், இரும்புச் சத்து. அதை மொத்தமாக விலக்கச் சொல்லும் அறிவுரைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையையும் அதே வீடுதான் கொடுக்கிறது. மினமாட்டாவிலும் முதலில் வீழ்ந்தவர்கள் மீனைத் தவிர வேறு கதியில்லாத மீனவர்கள்.

மினமாட்டா கற்பித்த இன்னொரு பாடம் அறநெறிக்கு முக்கியமானது. நோய்க்குறி பெரிதாகத் தெரியாத தாய்மார்களுக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குச் சென்றிருந்தது. தெரிந்தே தன் உடம்புக்கு ஆபத்தை ஏற்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று வாதாடலாம். கருவுக்கும் குழந்தைக்கும் சார்பாக அந்த வாதம் செல்லாது. விருந்தாளிக்கும் செல்லாது, இலையில் விழுவதை விசாரிக்காமல் உண்பதே விருந்தின் முறை. விற்பவரிடமும் இதே கடமை நிற்கிறது. எந்த நீர்நிலை மீன் என்று மறைத்து விற்பது, அளவில் ஏமாற்றுவதைவிடப் பெரிய குற்றம்.

வரிசைப்படி ஒரு விடை

மேலே கண்டவற்றைச் சேர்த்தால், உண்ணலாமா என்ற கேள்விக்கு இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ற விடை கிடைக்கிறது. மழைநீர் மட்டும் சேரும் கண்மாயில் ஒரு பருவம் வளர்ந்த மீனைச் சுத்தம் செய்து நன்கு சமைத்து உண்பதில் உடல்நலத் தடை இல்லை. கொல்லாமையை ஏற்றவருக்கு மட்டும் அது விலக்கு. ஊர்ச் சாக்கடை கலக்கும், ஆலைக்கழிவு வராத நீரின் மீனில் கிருமியே முதல் ஆபத்து. செவுள், குடல், ஈரல் நீக்கி, பாத்திரமும் கத்தியும் தனியே கழுவி, முழுக்க வேகவைத்தால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். அந்த நீரின் அயிரையை முழுசாகத் தின்பதைத் தவிர்க்க வேண்டும். நீர் பச்சைப் பசேலென்று பாசி கட்டியிருக்கும்போதும், முதல் மழையில் தெருக்கழிவு அடித்துவரும்போதும், செத்த மீன் மிதக்கும்போதும் அங்கே பிடித்தது எதுவும் சட்டிக்கு வரலாகாது. சாயம், உலோகம், ரசாயனம் கலக்கும் நீரின் மீனை எந்தக் கைப்பக்குவமும் நல்லதாக்காது. சதையைச் சோதித்து அறியும்வரை அதை விலக்குவதே முறை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சிறு குழந்தைக்கும் அதில் விதிவிலக்கு இல்லை.

சோதனை தனிமனிதரால் ஆகும் காரியம் இல்லை. மீன்பாசி ஏலத்தில் வருவாய் பெறும் அமைப்பு, அந்த வருவாயின் ஒரு பகுதியில் ஆண்டுக்கு ஒருமுறையாவது நீரையும் மீனையும் சோதித்து முடிவை ஊர்ச் சாவடியில் ஒட்டிவைப்பது கூடிய காரியம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதற்கு வேண்டிய அறிவு கொண்டவை. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடக் கூடாது என்பது நகராட்சிக்கு 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் விதித்த கடமை. உண்பவரின் கடமை அறிந்தவரை விலக்குவது. பரிமாறுபவரின் கடமை அறிந்ததைச் சொல்வது. கழிவை விடுபவரின் கடமை விடாமல் இருப்பது. மூன்றில் கடைசியானது நிறைவேறினால் முதல் இரண்டும் எளிதாகிவிடும். அது நிறைவேறாதவரை, மீனின் குற்றத்தை உண்பவரின் ஆசாரக் குறையாகவோ அறியாமையாகவோ பேசும் எந்த உபதேசமும் பாதி உண்மையே.